பாறைதான் முதல் கோயில்: திருமலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

திருப்பத்தூர்ப் பிள்ளைகள் பலர் இப்போது பழைய கோயில்களைத் தேடிப் போகிறார்கள். சமணக் கோயில் ஒன்றைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டால், ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், போளூருக்கும் ஆரணிக்கும் நடுவில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருமலையைத்தான் முதலில் சொல்வேன். பல காலமாக அங்கே போய்வருகிறேன். உங்களுக்கு உதவும் என்று தோன்றுவதை எழுதித் தருகிறேன்.

1. மலை வழியாகவே போங்கள். ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று ஏறி, அந்தப் பக்கம் போளூரில் இறங்குங்கள். வேலூரைச் சுற்றிப் போனால் சாலை அகலமாக இருக்கும். ஆனால் இந்தப் பகுதியின் கல் உங்கள் கண்ணில் படாது. மலைச்சாலையில் வெயிலில் வெளுத்த பெரும் பாறைகளையும், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் குண்டுகளையும், அவற்றின் அடியில் ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் இடுக்குகளையும் பார்த்துக்கொண்டே போவீர்கள். திருமலையைப் புரிந்துகொள்ள அந்தக் காட்சி வேண்டும். ஏன் என்று ஐந்தாவதில் சொல்கிறேன்.

2. தை, மாசி மாதங்கள் நல்லது. சித்திரை, வைகாசியில் வேண்டாம். மேலே செருப்பில்லாமல் நடக்க வேண்டும், பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். விடியுமுன் கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

3. தோல் பொருள் எதையும் கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டாம். பெல்ட், மணிபர்ஸ், கைக்கடிகாரப் பட்டை எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிட்டே வாழ்கிற ஊர்கள். நம் மாவட்டத்தில் பல வீட்டுச் சோறு அந்தத் தொழிலில் வருகிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உயிருக்குத் தீங்கு செய்யாமையைத் தங்கள் அறத்தின் வேராக வைத்திருப்பவர்களின் வாசலுக்குப் போகிறோம். அன்றைக்கு மட்டும் புலால் வேண்டாம். வழியில் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் பிரிக்காதீர்கள். நோன்பை ஒட்டி வாழும் சமணர்கள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. அங்கே இருப்பவர்கள் நம் மக்கள். சமணம் என்றால் வடக்கிலிருந்து வந்து நகைக்கடையும் அடகுக்கடையும் வைத்திருப்பவர்களின் மதம் என்று எண்ணிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலாவும் விளைவித்துக்கொண்டு, வீட்டில் தமிழே பேசி வாழ்கிற தமிழ்ச் சமணர்கள் இவர்கள். நயினார் என்பது அவர்களில் பலருடைய பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த நன்னூலை எழுதிய பவணந்தி சமண முனிவர். சீவக சிந்தாமணி தந்த திருத்தக்கதேவரும் அப்படியே.

கோயிலில் பெரியவர்களைக் கண்டால் கைகூப்புங்கள். ‘ஐயா, உள்ளே வரலாமா?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் ஓரமாக உட்கார்ந்திருங்கள். அடிவாரத்தில் 1998இல் தொடங்கிய அரிகந்தகிரி மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் இருந்தால் உரக்கப் பேசாதீர்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். தொல்லியல் துறையின் பலகையைப் பார்த்ததும் இது பழம்பொருள் காட்சிக்கூடம் என்ற நினைப்பு வந்துவிடும். அப்படி இல்லை, தினமும் விளக்கு எரிகிற கோயில்.

5. உள்ளே நுழையும் முன் எதிரில் தள்ளி நின்று மலையைப் பாருங்கள். அவசரம் வேண்டாம்.

நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்: திருமலையில் பாறைதான் முதல் கோயில். மற்ற எல்லாம் அதன்மேல் சாய்ந்து நிற்பவை. நீங்கள் மலைச்சாலையில் பார்த்தீர்களே, குண்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கு, அதே போன்ற இயற்கையான ஒதுக்கிடத்தில்தான் துறவிகள் தங்கினார்கள். பிறகு அந்தப் பாறைத் தாழ்வாரத்துக்கு முன்னால் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே அறைகளாகத் தடுத்து, சுண்ணாம்பு பூசினார்கள். பூச்சின்மேல் ஓவியம் தீட்டினார்கள். பாறையின் முகத்திலேயே திருவுருவங்களைச் செதுக்கினார்கள். அடிவாரத்தில் கல்லாலும் சுதையாலும் முறையான கோயில்கள் எழுந்தன. மழைக்கு ஒதுங்கும் இடம், குகை, செங்கல் அறை, கற்கோயில், உச்சியில் சிறு சன்னதி என்று பல நூற்றாண்டுகளின் கட்டடக் கலை ஒரே சரிவில் அடுக்கியிருக்கிறது. வேறு ஊர்களில் இதில் ஏதாவது ஒன்றோ இரண்டோ கிடைக்கும். இங்கே எல்லாம் சேர்ந்து கிடைக்கின்றன.

அதனால் சுவர் எங்கே பாறையைத் தொடுகிறது என்று தேடிக்கொண்டே போங்கள். செங்கல் பாறையின் வளைவுக்கு ஏற்ப எப்படி வளைந்து கொடுத்திருக்கிறது, கூரை எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கட்டியவர்கள் பாறையை உடைத்துச் சதுரமாக்க முயலவில்லை. அதன் போக்குக்குத் தங்கள் அறையைக் கொடுத்துவிட்டார்கள்.

6. அடிவாரக் கோயிலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். புதிதாகப் போகிறவர்கள் முதலில் சிகரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே சுதையும் வண்ணமும் அடிக்கடி புதுப்பிக்கப்படும். பழமை பெரும்பாலும் கீழேதான் இருக்கும். அடித்தளமான அதிட்டானத்தில் தொடங்குங்கள்: ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. பிறகு சுவரும் அரைத்தூண்களும். பிறகு கூரை விளிம்பான கபோதம், அதில் கூடுகள். கடைசியாகக் கழுத்து, சிகரம், தூபி. சோழர் காலக் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரிசை பொருந்தும். ஒருமுறை பழகிவிட்டால் தமிழ்நாடு முழுக்கப் பயன்படும்.

தூண்களின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைத் தனியாகக் கவனியுங்கள். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் சிறிது முன்தள்ளியிருக்கும். விஜயநகர காலத்துக்கு வந்தால் அதன் முனை பூமொட்டாகிக் கீழே தொங்கத் தொடங்கும். மண்டபத்தில் எந்தப் பகுதி முன்னது, எது பின்னால் சேர்ந்தது என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளையடித்து வெள்ளையடித்து விளிம்புகள் மழுங்கியிருக்கும் இடங்களில் விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

அடிவாரத்துக் கோயில்களில் ஒன்று மகாவீரருக்கு, ஒன்று நேமிநாதருக்கு; இருவரும் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள். நேமிநாதர் கோயிலைத்தான் குந்தவை ஜினாலயம் என்கிறோம், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால். பொன்னியின் செல்வன் படித்துவிட்டு, படம் பார்த்துவிட்டு, அந்தப் பெயருக்காகவே வருகிறவர்கள் உண்டு. தாராளமாக வாருங்கள். அந்த அம்மையார் திண்டிவனம் பக்கத்தில் இன்று தாதாபுரம் எனப்படும் இராசராசபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணரின் அருகனுக்கு ஒன்று என மூன்று கோயில் எடுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரே ஊர், ஒரே அரசி, ஒரே காலத்துச் சிற்பிகள். சிவன் கோயிலும் சமணக் கோயிலும் வெளியே இவ்வளவு ஒத்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கல் வேலையின் இலக்கணம் ஒன்றுதான். வேறுபாடு கருவறையில் இருக்கிறது.

7. கருவறையில் எதெது இல்லை என்று பாருங்கள். படைக்கலம் இல்லை. நான்கு கை இல்லை. உடன் தேவி இல்லை. ஆடை அணிகலன் இல்லை. அமர்ந்திருந்தால் மடியில் கைமேல் கை. நின்றிருந்தால் இரு கைகளும் உடலைத் தொடாமல் நேரே தொங்கும். தலைக்குமேல் முக்குடை, இருபுறமும் சாமரை வீசுவோர். தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், அதனால் யார் எவர் என்று அறிய அடையாளம் வேண்டும்: ஆதிநாதருக்குக் காளை, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம். பார்சுவநாதருக்கு அது தேவையே இல்லை. தலைக்குமேல் பாம்பு படமெடுத்திருக்கும்.

8. கல்வெட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குக் கூடுதலாக. படிக்கத் தெரியாவிட்டாலும் நின்று பாருங்கள். எங்கே எந்தக் கல்வெட்டு என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

இங்குள்ள புகழ்பெற்ற கல்வெட்டு முதலாம் இராசேந்திர சோழனுடையது. 1025ஐ ஒட்டியது. வரலாற்று மாணவர்கள் இதைத் தேடி வருவதற்குக் காரணம் அதன் மெய்க்கீர்த்தி: அவன் படை வென்ற நாடுகளை ஈழத்திலிருந்து கங்கை வரை அது வரிசையாகச் சொல்கிறது. அவன் கடல் கடந்து வென்ற கடாரம் அதில் இல்லை. பின்னால் வந்த தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. கடல் கடந்த அந்தப் படையெடுப்பின் காலத்தைக் கணக்கிட ஆய்வாளர்களுக்கு இது உதவியது. ஹுல்ட்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் திருமலைக் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றன. நல்ல நூலகத்தில் கிடைக்கும், போகுமுன் படித்துவிடுங்கள்.

ஆனால் பேரரசன் வென்ற நாடுகளின் பட்டியலைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பட்டியல் முடிந்த பிறகுதான் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பது வருகிறது. பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயன் என்பவனின் மனைவி சாமுண்டப்பை. வைகாவூர்த் திருமலையின் ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துக்கு அவள் இருபது காசு கொடுத்தாள், ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு. இன்னும் பத்துக் காசு, திருவமுதுக்கு. அவ்வளவுதான். கங்கை வரை போன படையின் கதை முழுதும் இந்த முப்பது காசுக் கொடைக்கு முன்னுரையாக நிற்கிறது. எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் நெருக்கமான பெயர் குந்தவையினுடையது அன்று, சாமுண்டப்பையினுடையது. வணிகர் வீட்டுப் பெண் ஒருத்தி தன் கையால் கொடுத்த காசுக்குப் பெயர் தங்கியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு ஆகிறது.

இன்னும் இருக்கின்றன. இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவன் என்ற சமணத் துறவி தம் ஆசிரியர் கணிசேகர மருபொற்சூரியன் பெயரில் ஒரு கலிங்கு கட்டினார். ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் இடம்தான் கலிங்கு. உலகத்தைத் துறந்தவர் உழவனின் ஏரிக்காக உழைத்திருக்கிறார். கோயிலைப் பார்த்துவிட்டுக் கீழே வயலையும் ஏரிக்கரையையும் ஒருமுறை பாருங்கள். அவையும் இந்தக் கோயிலின் வரலாற்றில் சேர்ந்தவை. பதினான்காம் நூற்றாண்டில், இராசநாராயண சம்புவராயன் காலத்தில், பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்ற பெண் இந்த மலையில் ஒரு திருவுருவத்தை எழுந்தருளச் செய்தாள்.

நம் பக்கத்துக்குச் சொந்தமான கல்வெட்டு ஒன்று, ஓவியக் குகையின் வாசலில். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் மரபினன் விடுகாதழகிய பெருமாளுடையது. தன் முன்னோன் எழினி என்ற சேர மரபு மன்னன் அமைத்த, தீர்த்தங்கரரின் காவல் தெய்வங்களான இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதுபட்டிருந்ததைக் கண்டு அவன் புதுப்பித்தான். கோயிலுக்கு எறிமணி ஒன்று கொடுத்தான், வாய்க்கால் ஒன்று வெட்டினான். வடமொழியிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறான். ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் தகடூர், அந்தப் பக்கம் திருமலை. நடுவில் நம் ஊர். பழையதைப் பழுதுபார்ப்பது நம் காலத்து வழக்கம் என்று எண்ணாதீர்கள். எண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவன் அதைச் செய்துவிட்டு, முதலில் செய்தவன் பெயரையும் மறைக்காமல் எழுதிப் போயிருக்கிறான்.

எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு தேய்க்காதீர்கள், சாக்கட்டி பூசாதீர்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது வெட்டெழுத்து தானே எழுந்து நிற்கும். அந்த நேரத்துக்குக் காத்திருங்கள்.

9. ஓவிய அறைகளில் கண் இருட்டுக்குப் பழகட்டும். உள்ளே போனதும் கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். சில நிமிடம் நின்றால் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் மெல்லத் தெரியத் தொடங்கும். சுவரிலும் கூரையிலும் உள்ள ஓவியங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. சோழர் காலத்தில் தீட்டியது, பிறகு அதன்மேல் பூசித் தீட்டியது என்று அடுக்கடுக்காக உள்ளன. பூச்சு உதிர்ந்த ஓரத்தைக் கவனித்தால் அடியில் இன்னொரு பூச்சு தெரியும்.

சமவசரணம் என்று வட்டமாக ஒரு ஓவியம் உண்டு, தேர்ச் சக்கரம் போல. இதன் முன்னால் நிறைய நேரம் நில்லுங்கள். முழு ஞானம் பெற்ற தீர்த்தங்கரர் அறவுரை சொல்வதற்காகத் தேவர்கள் அமைத்த அவை அது. நடுவில் அவர்; சுற்றிலும் பன்னிரண்டு பகுதி; அதில் தேவர், துறவியர், மாந்தர், விலங்குகள் எல்லாருக்கும் இடம். இதே பொருளைச் சித்தன்னவாசலில் தாமரைக் குளமாக வரைந்திருக்கிறார்கள்: பூப்பறிக்கும் ஆட்கள், யானை, மீன், அன்னம். கண்ணுக்கு அது அழகு. திருமலைக்காரர் வேறு வழியில் போனார். மேலே வானத்திலிருந்து பார்த்தால் அந்த அவை எப்படித் தெரியும் என்று வரைபடமாகவே போட்டுவிட்டார். ஒரு கட்டடத்தின் தரைப்படத்தை, சுவரில், வண்ணத்தில், வழிபடுவதற்காகத் தீட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் உங்களில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். சமண மரபில் ஒவ்வொரு கோயிலும் அந்த அவையின் நிழல்தான்.

ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படித் துடைத்துத் துடைத்தே பல இடங்களில் நம் ஓவியங்கள் போயின. எண்ணெய்க் கை, மூச்சின் ஈரம், பிளாஷ் வெளிச்சம் எதுவும் வேண்டாம். கூட்டமாக உள்ளே நிற்காமல் நாலு பேராகப் போய் வாருங்கள்.

10. குகைச் சிற்பங்களில் தருமதேவியைத் தேடிப் பாருங்கள். நேமிநாதரின் இயக்கி, அம்பிகை என்றும் கூஷ்மாண்டினி என்றும் சொல்வார்கள். பக்கத்தில் சிங்கம், குழந்தைகள். தீர்த்தங்கரர்களின் அசைவற்ற உடலைப் பார்த்துவிட்டு இவள் முன் வந்து நின்றால், அதே காலச் சிற்பி இடையை ஒசித்து, கையைத் தளர்த்தி, கல்லில் எவ்வளவு உயிர் வைக்கத் தெரிந்தவன் என்பது புரியும். தீர்த்தங்கரரை அசைவில்லாமல் செதுக்கியது அவனே தேர்ந்துகொண்டது. நின்றபடியே தவம் செய்த பாகுபலியும் அங்கே இருக்கிறார், பார்சுவநாதரும்.

11. பிறகு மேலே ஏறுங்கள். பாறையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார், பதினாறடிக்குச் சற்று மேல். சிகாமணிநாதர் என்பார்கள். தமிழ்நாட்டுச் சமணத் திருமேனிகளில் மிக உயரமானது என்று சொல்லப்படுவது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். கிட்டே நின்று பார்த்தால் முகம் தெரியாது, தள்ளிப்போகவும் இடம் அதிகம் இல்லை. அதனால் பாதத்தில் தொடங்கி மெல்ல மெல்லத் தலையை உயர்த்துங்கள். அடியார் பார்க்கும் முறையும் அதுதான். உச்சியில் பார்சுவநாதர் சன்னதியும் முனிவர்களின் பாதச் சுவடுகளும் உள்ளன. பாறையில் மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் சத்தம் போடாமல், புகை போடாமல் விலகி வந்துவிடுங்கள்.

12. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஏதாவது ஒன்றை வரையுங்கள். ஒரு போதிகை போதும், அல்லது சுவர் பாறையைத் தொடும் அந்த ஓரம். நூறு படம் எடுத்துவந்து வீட்டில் பார்க்கும் பிள்ளைக்கு, கோணல்மாணலாக ஒன்று வரைந்த பிள்ளை பார்த்ததில் பாதி தெரிவதில்லை.

13. இதற்கு அடுத்து எங்கே என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திலேயே, ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்தில், மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சமணக் கோயிலாக மாற்றப்பட்ட இயற்கைக் குகை. கூரையில் எண்திசைக் காவலர், தாமரை, கொடி என்று ஓவியங்களின் மிச்சம். நிறையப் போய்விட்டது. திருமலையில் கண்ணைப் பழக்காமல் முதலிலேயே அங்கே போனால், வெறும் குகையும் கறையும்தான் தெரியும். பழக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துவிடலாம். காட்பாடிக்கு அப்பால் வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலச் சமணக் குகை உண்டு. காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தை அவசரப்படாமல் தனி நாளாக வையுங்கள். 1387ஐ ஒட்டி விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டித்தந்த சங்கீத மண்டபமும், அதன் கூரையில் தீர்த்தங்கரர் வரலாறுகளை வரிசை வரிசையாகச் சொல்லும் ஓவியங்களும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்க வேண்டியவை.

திருமலையிலிருந்து நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஜமுனாமரத்தூர் சாலையில் இருட்டிய பிறகு வளைவுகள் கடினம், மழைக்காலத்தில் மூடுபனியும் சேரும். வரைந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்; உட்கார்ந்து பார்ப்போம்.